நாகரிகம் தொடங்கும் ஸ்டேஷன்

அத்தையின் லேஞ்சி இப்போது என்னிடம் இருக்கிறது. கைக்குட்டையைத்தான் எங்கள் பக்கத்தில் லேஞ்சி என்போம். பதுளை பஸாரில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் மாமா வாங்கிக் கொடுத்தது. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீலக் கோடு. ஆண்கள் வைத்துக்கொள்கிற அகலமான லேஞ்சி. வெள்ளை எப்போதோ பழுப்பாகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் சிவப்பும் கறுப்புமாக ஒரு கறை, எத்தனை முறை சவர்க்காரம் போட்டுத் துவைத்தாலும் போகாதது. ரத்தமோ என்று யாரும் பதற வேண்டாம். அது குங்குமம். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அத்தை ரயிலில் உட்கார்ந்தபடி தன் நெற்றியிலிருந்து துடைத்துத் துடைத்துச் சேர்ந்த குங்குமம்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். வருடம் தவறாமல் ஏதாவது ஒரு பாடத்தில் ‘நாகரிகம்’ என்ற சொல் வந்து தொலைக்கும். ‘அப்படின்னா என்ன டீச்சர்?’ என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். அகராதி சொல்வதைச் சொல்வேன். நகரம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நகரத்தில் வாழ்கிறவன் உடுப்பதும் உண்பதும் பேசிப் பழகுவதும் எதுவோ, அதுதான் நாகரிகம். வடமொழி வழியாக வந்து தமிழில் குடியேறிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பழந்தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. கண்ணோட்டம், இரக்கம், எதிரே இருப்பவர் மனம் நோகாமல் நடந்துகொள்ளும் பெருந்தன்மை. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்த பொருளை எந்த அகராதிக்காரரும் எழுதவில்லை. வகுப்பில் சொல்லக்கூடியதும் இல்லை அது.

எங்கள் தோட்டத்தில் அந்த வார்த்தை எல்லோர் வாயிலும் புரளும். பதுளையிலிருந்து ஏறி வரும் பஸ் ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும், அங்கிருந்து தேயிலைக்குள் நடந்து போக வேண்டிய தோட்டம் அது. அப்பாவுக்குத் தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோரில் வேலை, அம்மா மலையில் கொழுந்து பறித்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஒருத்தி செருப்புப் போட்டு நடந்தால் நாகரிகம். கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டால் நாகரிகம். சாயத்தண்ணி என்கிற வெறும் தேத்தண்ணியில் பால் ஊற்றிக் குடித்தால் அதுவும் நாகரிகம். ‘நாகரிகம் புடிச்சு அலையிறா பாரு’ என்பார்கள். பாதி பொறாமை, பாதி கேலி. அந்த வார்த்தை காதில் விழுந்தால் பக்கத்து லயத்துக்கு யாரோ கொழும்பிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு அது அத்தையோடு வந்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அம்மா மலைக்குப் போன நாட்களில் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். எனக்கு எட்டோ ஒன்பதோ நடக்கும்போது அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமா எங்கள் தோட்டத்துக்காரர்தான். தாய் தகப்பன் இல்லாமல் சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கித் தராசு பிடித்து ஆளாகியிருந்தார். அம்மா அவரைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத அம்மாவுக்கு அவர்தான் தம்பி, அவருக்கு அம்மாதான் அக்கா. அவர் வந்தால் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அப்பாவுக்கே கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். அந்த அன்பைப் பற்றி நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்கள் அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

கொழும்பில் அவர்கள் குடியிருந்த இடத்துக்கும் தோட்டம் என்றுதான் பெயர். ஒரு சந்துக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள், பொதுவில் ஒரு பைப்பு. ‘தோட்டத்த விட்டுத் தோட்டத்துக்குத்தான் போயிருக்கேன் மதினி, தேயிலையத்தான் காணோம்’ என்று அத்தை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் முதல் தீபாவளிக்கு வந்து இறங்கியபோது லயமே வேடிக்கை பார்த்தது மாமாவைத்தான். தலைமுடியை வளர்த்து இரண்டு காதையும் மூடிவிட்டிருந்தார். அந்தக் காலத்தில் பட்டணத்து வாலிபர்கள் எல்லாம் அப்படித்தான் திரிந்தார்கள், போஸ்டர்களில் பார்த்திருந்தோம். எங்கள் கங்காணிக்கு வாய் சும்மா இருக்காது.

‘என்னய்யா, காதையே காணோம்? கொழும்புல வித்துட்டியா?’

‘ஆமாங்க, அங்க காதுக்குத்தான் நல்ல வெல’ என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தோம். வயிறு வலிக்க நானும் சிரித்தேன்.

மாமாவின் காதுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சனங்களில் ஆண் பிள்ளைக்கும் காது குத்துவது வழக்கம். கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு, முடி இறக்கி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவார்கள். மாமாவுக்குக் கடுக்கனும் போட்டிருந்தார்கள். கடுக்கன் எங்கேயோ போய்விட்டது, துளை மட்டும் ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு நின்றுபோயிருந்தது. இரண்டு காதிலும்.

ஒரு பள்ளிக்கூட விடுமுறைக்கு அத்தை என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பதுளையில் காலை வண்டி. எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நான் பெயர் படித்துக்கொண்டே வந்தேன். அப்புத்தளையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, மூட்டம் மட்டும்தான். அத்தை ஊர்க்கதை பேசினாள், மாமா வடை வாங்கிக் கொடுத்தார், பக்கத்தில் இருந்தவர்களோடு பேசிச் சிரித்தார்கள். நாவலப்பிட்டி தாண்டி வெக்கை தொடங்கியது. கொழும்பு நெருங்கி, வெளியே வீடுகள் நெருக்கமாகத் தெரிய ஆரம்பித்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தை லேஞ்சியை எடுத்தாள். மூலையை நாக்கில் வைத்து நனைத்து நெற்றிப் பொட்டைத் துடைத்தாள். தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். மாமா சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து முடியைக் காது மேல் வாரி, உள்ளங்கையால் அழுத்திவிட்டார். வெளியே போகும்போது வீட்டைப் பூட்டுகிறவர்கள் மாதிரி, ஒரு வார்த்தை இல்லாமல் செய்தார்கள். பிறகு அத்தை என்னை இழுத்து என் பொட்டையும் துடைத்தாள்.

‘எதுக்கு அத்த?’

‘இங்கேருந்து நாகரிகம், பாப்பா. எறங்குனதும் சத்தமாப் பேசாத. மாமா மாமான்னு கூப்புடாத. ஏதும் வேணும்னா என் கையச் சொரண்டு.’

எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டாம்! கொழும்பில் இருந்த நாள் முழுக்க வாய் திறக்காமல், வெறும் நெற்றியோடு, பெரிய மனுஷி மாதிரி சுற்றிப் பார்த்தேன். கடலைப் பார்த்தேன், கத்தத் தோன்றியது, கத்தவில்லை. பஸ்ஸில் மாமா சிங்களத்தில் பேசினார். அவ்வளவு அழகாகப் பேசினார், கண்டக்டர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தான். அந்தப் பேச்சும் ஒரு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். பயம் என்ற வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை, அத்தையும் அதைச் சொல்லவில்லை.

திரும்பி வந்த பிறகு லயத்துப் பிள்ளைகள் முன்னால் பொட்டில்லாமல் போய் நின்றேன். ‘கொழும்புல இப்புடித்தான், அத்தகூட வைக்காது’ என்று பீற்றிக்கொண்டேன். அம்மா கேட்டுவிட்டாள். முதுகில் விழுந்த அடி இருக்கட்டும், அடுத்த முறை அத்தை வந்தபோது அம்மா ஆடிய ஆட்டத்தில் லயமே கூடிவிட்டது. ‘புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பப் பொட்டழிக்கிறியே, நீ பொம்பளையாடி? என் தம்பி உசுரு உனக்கு வெளையாட்டாப் போச்சா? நாகரிகமாம் நாகரிகம்! அதான் வயித்துல ஒன்னும் தங்க மாட்டேங்குது!’ அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை என்பது உண்மை. கடைசி வார்த்தையை அம்மா சொல்லியிருக்க வேண்டாம். மாமா இருவருக்கும் நடுவில் வந்து, ‘விடுங்க அக்கா, அவ சும்மா ஸ்டைலுக்குச் செய்யிறா’ என்றார். எங்கள் சனங்களுக்கு ஸ்டைல் என்றால் புரியும், கோபித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். அதனால் அப்படிச் சொன்னார்.

எழுபத்தேழுக்குப் பிறகு எனக்கே புரிந்தது. அந்த வருடம் எலெக்‌ஷன் முடிந்த கையோடு ஊரெல்லாம் தமிழரைத் தேடி அடித்த கலவரம். மலைநாட்டிலும் பல தோட்டங்களில் லயங்கள் எரிந்தன, எங்கள் தோட்டம் எப்படியோ தப்பியது. ஓய்ந்த பிறகு மாமா வந்தார். ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் சாயத்தண்ணி கொண்டு போனேன்.

‘ரோட்டுல மறிச்சானுக. நல்லாத்தான் மச்சான் பேசிக்கிட்டிருந்தேன் அவனுக பாஷையில. ஒருத்தன் வந்து இந்தப் பக்கத்து முடியத் தூக்கப் போனான். தூக்குறதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு. தாவி ஏறிட்டேன்.’ சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கையில் இருந்த விறகைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த அந்த முடி ஸ்டைலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பொட்டை அழித்துவிடலாம், பாஷையைக் கற்றுக்கொள்ளலாம், தமிழன் என்று காட்டிக்கொடுக்கும் காதுத் துளையை என்ன செய்வது? அதை மூட மாமாவுக்கு அந்த முடியை விட்டால் வேறு வழியில்லை. அவர் உயிர் அந்த முடியில் இருந்தது. அப்பா அன்றே அம்மாவிடம் சொன்னார். அம்மா காது கொடுத்துக் கேட்டாள், பிறகு, ‘அதெல்லாம் அந்த ஊரு பயம். முருகன் இருக்கான்’ என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அதற்கப்புறம் நான் ஒன்றைக் கவனித்து வந்தேன். எங்கள் அத்தை பொட்டைத் துடைக்கும் ஸ்டேஷன் மாறிக்கொண்டே இருந்தது. கொழும்பு வாசலில் துடைத்தவள் பிறகு நாவலப்பிட்டியிலேயே துடைத்தாள். அப்புறம் ஹட்டன் என்றாள். சில வருடங்களில் அப்புத்தளை வந்துவிட்டது. ‘அப்புத்தளை தாண்டுனா நாகரிகம்’ என்று அவளே சொல்வாள், சிரிக்காமல். திரும்பி வரும்போதும் அப்புத்தளையில்தான் திரும்ப வைத்துக்கொள்வாள். பிறகு ஒருநாள் பதுளை ஸ்டேஷனிலேயே, நாங்கள் வழியனுப்ப நிற்கும்போதே, திரும்பி நின்று துடைத்துக்கொண்டாள். நகரத்தின் எல்லை எங்கே என்று என்னைக் கேட்டால் அந்த நாட்களில் நான் சரியாகச் சொல்லியிருப்பேன். அது தண்டவாளம் வழியே மலையேறி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்தில்தான் அந்தச் சொல்லின் மூலத்தைப் படித்தேன். படித்த சூட்டோடு மாமாவிடம் அளந்தேன். நகரம் என்பதிலிருந்துதான் நாகரிகம் வந்தது மாமா, நகரத்தில் வாழ்கிறவன்தான் நாகரிகக்காரன் என்றேன்.

‘அப்ப இந்தத் தோட்டத்துலயே அசல் நாகரிகக்காரன் நான்தான்’ என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அந்த வார்த்தைய உண்டாக்குனவனும் பட்டணத்துல பயந்து பயந்து பொழச்சவனாத்தான் இருப்பான்’ என்றார்.

பழைய காலத்தில் அதற்கு இரக்கம் என்றும் பொருள் என்றேன்.

‘அது எந்தப் பட்டணம் பாப்பா? அங்க ஒரு ரூம்பு கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லு.’

அவர் அப்படித்தான். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார், கேட்ட நமக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது.

பிறகு அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. எத்தனையோ வருடம் கழித்து, எல்லோரும் கைவிட்ட பிறகு, ஆண் பிள்ளை. அம்மா லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அன்றைக்குத்தான் நேர்த்திக்கடனைச் சொன்னாள். கதிர்காமத்து முருகனிடம் அவள் வருடக்கணக்காக வேண்டி வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்தால் முதல் ஆடியில் பிள்ளையின் முடியையும் தகப்பன் முடியையும் சேர்த்து இறக்குவதாக, பிள்ளைக்கு அங்கேயே காது குத்துவதாக.

அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘பிள்ள முடிய மட்டும் குடுப்போம் மதினி. ஒங்க கால்ல விழுறேன். அவரு முடி வேணாம்.’

‘சாமிகிட்டப் பேரம் பேசச் சொல்றியா? சாமி குடுத்துட்டாரு. நாம குடுக்க வேணாமா? குடுக்காம இருந்து பிள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா?’

அத்தை பிள்ளையைத் தூக்கி மாமாவின் மடியில் கொடுத்தாள். எந்தத் தாயால் அதற்கு மேல் வாதாட முடியும்? எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்துகொண்டிருந்தார். ‘அக்கா கேட்டு நான் இல்லன்னு சொன்னதில்ல. முடிதானே, வளந்துரும்’ என்றார்.

எண்பத்து மூன்று ஆடி. திருவிழாக் கூட்டத்தோடு பஸ்ஸில் கதிர்காமம் போனோம். மாணிக்க கங்கையில் தண்ணீர் குறைவு. கரையில் வரிசையாக நாவிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழர், சிங்களவர் என்ற பேதமில்லாமல் சனங்கள் தலைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே யாருக்கும் யாரும் பயப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முதலில் பிள்ளை, வீறிட்டு அழுதான். பிறகு மாமா குந்தினார். நீண்ட முடி கற்றை கற்றையாக மண்ணில் விழுந்தது. முதலில் வலது காது வெளியே வந்தது, பிறகு இடது காது. பல வருடம் வெயில் படாமல் இரண்டும் முகத்தை விட வெளுப்பாக இருந்தன, துளைகள் பளிச்சென்று தெரிந்தன. அம்மா மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அத்தை ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு உடம்பு சுட ஆரம்பித்துவிட்டதால் காது குத்துவதை மட்டும் அடுத்த ஆடிக்குத் தள்ளிப்போட்டோம்.

காய்ச்சல் இறங்கவில்லை. அதனால் அத்தையும் பிள்ளையும் தோட்டத்தில் தங்கினார்கள். மாமா மட்டும் திரும்ப வேண்டியிருந்தது. முதலாளி கொடுத்த லீவு முடிந்துவிட்டது. முடி வளரும்வரை இருந்துவிட்டுப் போங்கள் என்று அத்தை கெஞ்சினாள். ‘அது வரைக்கும் வேலைய யாரு பாத்துக்கிட்டு இருப்பா?’ என்றார்.

பதுளை ஸ்டேஷனுக்கு நானும் அத்தையும் போனோம். வண்டி நின்றுகொண்டிருந்தது. மாமா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அத்தை இடுப்பிலிருந்து அந்த லேஞ்சியை எடுத்து, எட்டி, அவர் தலையைச் சுற்றிக் காது மறையக் கட்டினாள். பிடரியில் முடிச்சுப் போட்டு, அதைச் சரிபார்த்து, மறுபடி இழுத்துவிட்டாள். ‘குளுருக்கு’ என்றாள். அவர் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி ஊதியதும் கழற்றிவிட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதைத் திருப்பிக் கொடுத்தார்.

‘வேணாம் புள்ள. தலையில இதக் கட்டிக்கிட்டுப் போனா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. நாகரிகமாப் போக வேணாமா?’

வண்டி வளைவில் திரும்பும்வரை அந்த மொட்டைத் தலை தெரிந்தது. சந்தனம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மறுநாளே ரேடியோவில் ஊரடங்கு என்றார்கள். அதற்கடுத்து ஒருநாள் பட்டப்பகலில் மலை மேலிருந்து பார்த்தபோது பதுளைப் பக்கம் புகை எழும்பியது. முதலில் ஒரு இடத்தில், பிறகு பல இடங்களில். பஸாரில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினோம். செடிக்குச் செடி ஒளிந்து உட்கார்ந்திருந்தபோது கீழே ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டது. ‘பொட்டு, பொட்டு’ என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அம்மா அத்தையின் இடுப்பிலிருந்து லேஞ்சியை உருவினாள். அப்பா பக்கத்துச் செடியடியில் உயிரோடு உட்கார்ந்திருக்க, அம்மா எச்சில் தொட்டுத் தன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். அந்தக் கறையில் அம்மாவின் குங்குமமும் இருக்கிறது. லொறி நிற்காமல் போய்விட்டது.

மாமாவைப் பற்றி வெகுநாள் தகவல் இல்லை. அதே கடையில் கூட வேலை பார்த்த ஒருவர் அகதி முகாமில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தார். நேராக எங்கள் லயத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

‘ரெண்டு பேரும் ஒன்னாத்தான் ஓடுனோம். ரோட்டுல மறிச்சாங்க. நான் ஒரு கேட்டுக்குப் பின்னால படுத்துக்கிட்டேன். அவரு நின்னு பேசுனாரு. அவ்ளோ நல்லாப் பேசுனாரு. போகச் சொல்லிட்டாங்க. போனாரு, நான் பாத்தேன், போயிட்டாரு. அப்பறம் ஒருத்தன் பின்னாலேருந்து காதப் பாத்துட்டான்.’

அம்மா நிலைப்படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அத்தை அழுது முடித்து நாட்கள் பல ஆன பிறகும் அம்மா அழவில்லை. ஒருநாள் அத்தைதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னாள், ‘மதினி, நீங்க முடிதான் கேட்டீங்க. உசுரக் கேட்டது அவனுக.’ அப்போது அம்மா போட்ட சத்தத்தை இன்றும் என்னால் நினைத்துப்பார்க்க முடியாது.

அந்தப் பிள்ளைக்குக் காது குத்தவில்லை. அம்மா இருந்தவரை அவன் முடியை வெட்ட யாரையும் விட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டுவார், மற்றப் பிள்ளைகள் பொம்பளைப் பிள்ளை என்று கேலி செய்வார்கள். அம்மா தினமும் காலையில் எண்ணெய் தடவி, துளை இல்லாத அந்தக் காதுகள் மேல் முடியை வாரி, உள்ளங்கையால் அழுத்தி அனுப்புவாள். சாகும்வரை கதிர்காமம் பக்கம் திரும்பவில்லை.

அவன் வளர்ந்து கொழும்புக்கே வேலைக்குப் போனான். கம்ப்யூட்டர் வேலை. அத்தை தடுத்துப் பார்த்தாள், முடியவில்லை. மலையில் கொழுந்து பறிக்கவா சொல்ல முடியும்? சென்ற முறை வந்தபோது பக்கங்களில் முடியை ஒட்ட வழித்து, இரண்டு காதிலும் சின்னதாக மின்னுகிற தோடு போட்டுக்கொண்டு வந்து நின்றான். ‘இப்ப கொழும்புல எல்லாப் பொடியங்களும் போடுறாங்க அக்கா, சிங்களப் பொடியங்களும்தான். இதான் ஃபேஷன்’ என்று என்னிடம் சொன்னான். நாகரிகம் ஒரு சுற்றுச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். அவன் சொன்னது உண்மைதான், இப்போது அந்தத் துளையைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. எனக்குத் தெரிகிறது. ஆனால் அவன் திரும்பும் நேரமெல்லாம் என் கண் அந்தக் காதுக்குத்தான் போயிற்று. அத்தை இரண்டு நாளும் அவனுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தாள்.

பதுளை ஸ்டேஷனில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அத்தை இடுப்பிலிருந்து லேஞ்சியை எடுத்தாள். இத்தனை வருடம் அது எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது. எட்டி, அவன் தலையைச் சுற்றிக் காது மறையக் கட்டப் பார்த்தாள். ‘குளுருக்கு’ என்றாள். அவன் குனிந்து கொடுத்தான், நல்ல பிள்ளை. வண்டி ஊதியதும் சிரித்துக்கொண்டே கழற்றினான்.

‘வேணாம்மா, எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க.’

அவன் அப்பா சொன்னதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஜன்னல் வழியாக லேஞ்சியை நீட்டினான். அத்தை வாங்கவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. வண்டி நகர்ந்துவிட்டதால் நான்தான் கூடவே ஓடி வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பும்போது அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். நடுநடுவே, ‘இப்ப எங்க போயிருப்பான்?’ என்று கேட்டாள். எல்ல என்றேன். பண்டாரவளை என்றேன். வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்த பிறகு மறுபடி கேட்டாள்.

‘அப்புத்தளை தாண்டியிருப்பான் அத்த.’

அத்தை என் பக்கம் கையை நீட்டினாள். லேஞ்சியைக் கேட்கிறாள் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. கொடுத்தேன். அவள் மூலையை நாக்கில் வைத்து நனைத்து, அந்த ஆடியிலிருந்து ஒன்றுமே வைக்காத நெற்றியை ஒருமுறை துடைத்துக்கொண்டு, மடித்து, திரும்ப என்னிடமே தந்துவிட்டாள்.